கட்சி வேண்டாமென்றவர்கள் கட்டிய கட்சிகள்

அமெரிக்க அரசியல் சாசனத்தை முதல் வரியிலிருந்து கடைசித் திருத்தம் வரை வாசித்தாலும் அரசியல் கட்சியைக் குறிக்கும் சொல் ஓரிடத்திலும் அகப்படாது. 1787ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியாவில் கூடி அதை எழுதியவர்கள் அதை மறதியால் விட்டுவிடவில்லை. அவர்கள் காலத்து ஆங்கிலத்தில் கட்சிக்கும் கோஷ்டிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. நம் செய்தித்தாள்களில் 'கோஷ்டிப்பூசல்' என்று படிக்கும்போது எழும் முகச்சுளிப்போடுதான் அவர்கள் இரண்டு சொற்களையும் எழுதினார்கள். அப்படியிருந்தும், சாசனம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டு முடிவதற்குள் நாடு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றது. ஒன்றான கூட்டாட்சிக் கட்சிக்கு மூளையாக இருந்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். மற்றொன்றான குடியரசுக் கட்சியைத் தாமஸ் ஜெபர்சனோடு சேர்ந்து கட்டியவர் ஜேம்ஸ் மாடிசன். இந்த ஹாமில்டனும் மாடிசனும் சில ஆண்டுகளுக்கு முன் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் எழுதிச் சாசனத்துக்காக வாதாடிய கூட்டாளிகள்.

பதவியாசை, இரட்டை வேடம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். பதவியாசைக்கு அங்கே பஞ்சமும் இருக்கவில்லை. ஆயினும் அந்தப் பதினைந்து ஆண்டுகளின் நிகழ்வுகளை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தென்படுகிறது. அவர்கள் வகுத்த பிரதிநிதித்துவ ஏற்பாட்டிலேயே ஓர் இடைவெளி இருந்தது. அதைச் சாசனத்தின் எதிரிகள் அன்றே சுட்டிக்காட்டினார்கள். கட்சி முளைத்ததும் அங்கேதான்.

முதலில் மாடிசனின் அச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். விடுதலைக்குப் பிறகு ஆட்சி பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களின் கையில் இருந்தது. அவற்றில் பலவற்றுக்கு ஆண்டுதோறும் தேர்தல் நடந்தது. மக்களின் குரல் அங்கே உடனுக்குடன் சட்டமானது. 1786இல் ரோட் ஐலண்ட் சட்டமன்றம் காகிதப் பணத்தை அச்சிட்டு, அதன் மதிப்பு சரிந்துகொண்டிருந்தபோதும் கடன் கொடுத்தவர்கள் அதை வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதே ஆண்டு மேற்கு மாசசூசெட்ஸில், விடுதலைப் போரில் கேப்டனாக இருந்த டேனியல் ஷேஸ் போன்றோரின் தலைமையில் கடனில் மூழ்கிய விவசாயிகள் நீதிமன்றங்களைக் கூடவிடாமல் தடுத்தார்கள். இவற்றுள் மாடிசனை அதிகம் உறுத்தியது ரோட் ஐலண்ட் என்றே நான் நினைக்கிறேன். கலகத்தைப் படை கொண்டு அடக்கலாம். ஆனால் ரோட் ஐலண்டில் யாரும் கலகம் செய்யவில்லை. பெரும்பான்மையினர் முறைப்படி தேர்தலில் வென்று, முறைப்படி சட்டம் இயற்றி, சிறுபான்மையினரின் சொத்தில் கைவைத்தார்கள். அரசனின் கொடுமையை எதிர்த்துப் போரிட்டவர்களிடம் இந்தக் கொடுமைக்கு ஆயத்தமான விடை எதுவும் இருக்கவில்லை.

மாடிசனின் விடை 1787 நவம்பர் 22 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. 'கூட்டாட்சிக் கட்டுரைகள்' என்று பின்னர் தொகுக்கப்பட்ட 85 கட்டுரைகளில் அது பத்தாவது. கோஷ்டி என்றால் என்ன என்பதை அவர் கறாராக வரையறுத்தார்: பிறர் உரிமைக்கோ நாட்டின் நிலையான நலனுக்கோ எதிரான ஒரு வேட்கையாலோ ஆதாயத்தாலோ ஒன்றுசேர்ந்த குடிமக்கள் கூட்டம் அது, பெரும்பான்மையாக இருந்தாலும் கோஷ்டி கோஷ்டிதான். அதன் வேரை அறுக்க முடியாது என்பது அவர் முடிவு. தீக்குக் காற்று எப்படியோ கோஷ்டிக்குச் சுதந்திரம் அப்படி. தீக்கு அஞ்சிக் காற்றை ஒழிப்பவர் உண்டா? எல்லாருக்கும் ஒரே கருத்தை ஊட்டுவதும் நடவாது. மதம், தலைவர்மேல் கொண்ட பற்று, அற்பக் காரணம் எது கிடைத்தாலும் மனிதர் பிரிந்து நிற்பார்கள் என்றாலும், கோஷ்டிகளின் நீடித்த ஊற்று சொத்து ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருப்பதே என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். எனவே விளைவைக் கட்டுப்படுத்தத்தான் வழி தேட வேண்டும்.

அந்த வழியை அவர் நாட்டின் பரப்பில் கண்டார். குடியரசு சிறிய நிலப்பரப்பில்தான் நிலைக்கும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ சொன்னதை வேதவாக்காகப் படித்த தலைமுறை அது. மாடிசன் அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கினார். சிறிய நாட்டில் ஆதாயங்கள் சில. ஒரே ஆதாயமுள்ளவர்கள் பெரும்பான்மையாகிச் சதி செய்வது எளிது. பெரிய நாட்டில் வணிகர், தோட்ட முதலாளி, கடனாளி, நூறு வகைச் சமயத்தார் என்று ஆதாயங்கள் பலவாகிவிடுவதால் அநியாயத்துக்காக ஒரு பெரும்பான்மை திரளுவது அரிது. திரண்டாலும், தூரம் காரணமாக, தங்கள் பலத்தைத் தாங்களே அறிந்து ஒன்றுபட்டு இயங்குவது கடினம். இதனோடு ஒரு சல்லடையும் இருந்தது: பெரிய தொகுதியிலிருந்து தேர்வாகும் சிலர் பொதுமக்களின் கருத்தைச் சலித்துத் தூய்மைப்படுத்துவார்கள். சல்லடை ஓட்டையாகவும் இருக்கலாம், சூதாலும் ஊழலாலும் வாக்கு வாங்கியவர்கள் மக்களையே காட்டிக்கொடுக்கலாம் என்பதையும் மாடிசன் ஒப்புக்கொண்டார். ஆகவே அவர் அதிகமாக நம்பியது பரப்பையே.

சாசனத்தை எதிர்த்தவர்கள் கைவைத்ததும் இங்கேதான். அவர்களைப் பட்டிக்காட்டுப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். என் பார்வையில், பிரதிநிதித்துவம் பற்றிய விவாதத்தில் அவர்களின் கண் இன்னும் கூர்மையானது. புதிய பிரதிநிதிகள் அவையில் தொடக்கத்தில் 65 உறுப்பினர்கள் மட்டுமே. 1790இல் எடுத்த முதல் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 39 இலட்சம். அவர்களில் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் அடிமைகள். ஒரு பிரதிநிதிக்குக் குறைந்தது 40,000 பேர் என்றிருந்த வரைவு, பிலடெல்பியா மாநாட்டின் கடைசி நாளில்தான் 30,000 ஆகக் குறைக்கப்பட்டது. மாதக்கணக்காக விவாதங்களில் வாய் திறக்காமல் தலைமை தாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன், அந்த ஒரு திருத்தத்துக்காக எழுந்து பேசினார் என்பதிலிருந்தே அந்த எண் எவ்வளவு உறுத்தியது என்று அறியலாம்.

1788 ஜூனில், சாசனத்தை ஏற்பதா என்று முடிவுசெய்யக் கூடிய நியூயார்க் மாநில மாநாட்டில், எதிர்ப்பாளரான மெலங்க்டன் ஸ்மித் ஹாமில்டனுக்கு நேர் எதிரே நின்று வாதிட்டார். பிரதிநிதி, தன்னை அனுப்பியவர்களை ஒத்திருக்க வேண்டும். அவர்கள் பாடு தெரிந்தவராக, அவர்கள் தொல்லையில் பங்குள்ளவராக இருக்க வேண்டும். பெரிய தொகுதியில் நடுத்தர விவசாயியின் பெயரை யார் அறிவார்? பணமும் குடிப்பெருமையும் உள்ளவரே எங்கும் தெரிந்தவராக இருப்பார். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார்: பெரிய மனிதர்கள் எளிதில் ஒன்றுசேர்ந்துகொள்வார்கள், ஏழைகளும் நடுத்தரத்தாரும் சேர்வது கடினம். இது மாடிசனின் தூரத் தத்துவமேதான்; பார்க்கும் இடம் மட்டும் வேறு. தூரம் எல்லாக் கூட்டங்களையும் ஒரே அளவில் பிரிப்பதில்லை. தலைநகரில் வீடும் வணிகத் தொடர்பும் உள்ளவர்களை அது பிரிப்பதே இல்லை. நியூயார்க் மாநாடு இறுதியில் 30க்கு 27 என்ற கணக்கில் சாசனத்தை ஏற்றது. ஏற்றவர்களில் ஸ்மித்தும் ஒருவர்.

புதிய நாடாளுமன்றமான காங்கிரஸ் 1789இல் கூடியதும் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. உரிமைகள் குறித்த திருத்தங்கள் விவாதிக்கப்பட்டபோது, பிரதிநிதிகளுக்குக் கட்டளையிடும் உரிமை மக்களுக்கு உண்டு என்று ஒரு தொடரைச் சேர்க்கவேண்டும் எனச் சிலர் கேட்டார்கள். நியூ இங்கிலாந்து ஊர்க்கூட்டங்களில் அது பழைய வழக்கம். ஆகஸ்ட் 15 அன்று அவை அதை 41க்கு 10 என்று தள்ளிவிட்டது. எதிர்த்துப் பேசியவர்களில் மாடிசனும் இருந்தார். செனட் சபையோ 1795 டிசம்பர் வரை கதவை மூடிக்கொண்டே கூடியது. தேர்தல் முடிந்த பிறகு வாக்காளருக்கும் பிரதிநிதிக்கும் இடையே நிலையான இணைப்பு எதையும் சாசனம் வைத்திருக்கவில்லை.

பிளவுக்குக் காரணமானது பணம். நிதியமைச்சரான ஹாமில்டன் 1790 ஜனவரியில் பொதுக்கடன் குறித்த அறிக்கையைத் தாக்கல் செய்தார். போர்க்காலக் கடன் பத்திரங்களை அன்று கையில் வைத்திருப்பவர்களுக்கு முழு மதிப்பில் தீர்ப்பது, சுமார் 2 கோடியே 50 இலட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்ட மாநிலக் கடன்களையும் மத்திய அரசே ஏற்பது என்பன அதன் சாரம். ஆனால் சம்பளத்துக்குப் பதிலாகப் பத்திரம் பெற்ற படைவீரர்களில் பலர் அதை அற்ப விலைக்கு விற்றுவிட்டிருந்தார்கள். வாங்கிக் குவித்தவர்களில் நியூயார்க், பிலடெல்பியா வணிகர்கள் முக்கியமானவர்கள். முதலில் பெற்றவருக்கும் பின்னர் வாங்கியவருக்கும் தொகையைப் பங்கிடலாம் என்று மாடிசன் முன்மொழிந்தார். 36க்கு 13 என்று தோற்றார். மாநிலக் கடன் மசோதா மட்டும் இழுபறியாகி, அந்தக் கோடையில் ஜெபர்சன் வீட்டு விருந்தொன்றில் பேசப்பட்ட பேரத்துக்குப் பிறகு நிறைவேறியது. பதிலாகத் தலைநகர் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போனது. அடுத்த ஆண்டு, ஒரு கோடி டாலர் முதலோடு தேசிய வங்கி அமைக்கும் மசோதா 39க்கு 20 என்று நிறைவேறியபோது, எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர்.

மாடிசன் பத்தாம் கட்டுரையில் அஞ்சியது கடனாளிகளான பெரும்பான்மையினரை. 1791இல் அவர் கண்டது, கடன் கொடுத்தவர்களும் அவர்களுக்கு வேண்டிய உறுப்பினர்களுமாகத் தலைநகரில் சேர்ந்த ஒரு சிறுபான்மையை. சிறுபான்மைக் கோஷ்டியை வாக்கெடுப்பிலேயே தோற்கடித்துவிடலாம் என்று அந்தக் கட்டுரை ஒரே வரியில் கடந்து போயிருந்தது. ஆனால் அது நடப்பதற்கு, சிதறிக் கிடக்கும் பெரும்பான்மை தன்னைப் பெரும்பான்மையென்று அறிந்திருக்க வேண்டுமே. அதைத் தடுத்தது அவரே போற்றிய பரப்புதான். ஸ்மித் மாநாட்டில் சொன்னதை மாடிசன் அவையில் தோற்றுத் தெரிந்துகொண்டார் என்று சொன்னால் அது கொஞ்சம் குறும்புதான், ஆனாலும் தவறாகாது.

1791 டிசம்பரில் அவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று, பத்தாம் கட்டுரையின் அளவுக்குப் பேசப்படாவிட்டாலும், இந்த மாற்றத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. நல்ல சாலைகள், உள்நாட்டு வணிகம், சுதந்திரமான அச்சு, குறிப்பாக மக்கள் அனைவரிடமும் புழங்கும் செய்தித்தாள்கள் ஆகியவை நாட்டின் எல்லையைச் சுருக்கியதற்குச் சமம் என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் எல்லையை விரிக்கச் சொன்னவர் சொன்ன சொல் இது. 1792 ஜனவரியில் 'கட்சிகள்' என்ற தலைப்பிலேயே எழுதி, எந்த அரசியல் சமுதாயத்திலும் கட்சிகள் தவிர்க்க முடியாதவை என்றும், ஒன்றை மற்றொன்றால் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் முடித்தார்.

இவை வெளிவந்த பத்திரிகையின் பிறப்பே ஒரு கட்சி வேலை. ஹாமில்டன் தரப்புக்கு ஜான் பென்னோ நடத்திய இதழ் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பதிலடியாகக் கவிஞர் பிலிப் பிரெனோவை மாடிசனும் ஜெபர்சனும் பிலடெல்பியாவுக்கு வரவழைத்தார்கள். வெளியுறவு அமைச்சரான ஜெபர்சன், தம் அலுவலகத்தில் ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பு எழுத்தராக அவரை அமர்த்தினார். அரசாங்கச் சம்பளம் வாங்கியவர் அரசாங்கத்தைத் தாக்கி இதழ் நடத்தினார். ஹாமில்டன் இதை அம்பலப்படுத்தியபோது ஜெபர்சன் தந்த விளக்கம் அவ்வளவு நேர்மையானதல்ல. 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் இந்த இதழ்களுக்குச் சிறகு கொடுத்தது: கடிதத்துக்கு 6 சென்ட் முதல் 25 சென்ட் வரை கட்டணம் என்றால், செய்தித்தாளுக்கு 100 மைல் வரை ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். பத்திரிகையாசிரியர்கள் தங்களுக்குள் இதழ்களை இலவசமாகவே அனுப்பிக்கொள்ளலாம். பிலடெல்பியாவில் அச்சான கட்டுரை சில வாரங்களில் தொலைதூர ஊர் இதழில் மறுபடி அச்சாயிற்று.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையே மக்கள் அமைப்பாகக் கூடலாமா என்ற கேள்வி 1794இல் வெளிப்படையாக எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் ஆதரவாளர்கள் பல ஊர்களில் 'ஜனநாயக-குடியரசுச் சங்கங்கள்' தொடங்கியிருந்தார்கள். மேற்கு பென்சில்வேனியாவில் மதுவரியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்கு இவற்றையும் பொறுப்பாக்கி, 'தாமாக முளைத்த சங்கங்கள்' என்று வாஷிங்டன் காங்கிரஸ் உரையில் சாடினார். மக்களே தேர்ந்தெடுத்த அரசு இருக்கையில், தேர்ந்தெடுக்கப்படாத சங்கம் மக்கள் பெயரில் பேசுவதா என்பது அவர் வாதம். மாடிசன் அவையில் அளித்த விடை சுருக்கமானது: குடியரசில் கண்டிக்கும் அதிகாரம் அரசின்மேல் மக்களுக்கு உண்டேயன்றி, மக்களின்மேல் அரசுக்கு இல்லை. பிரதிநிதித்துவம் பற்றிய இரண்டு பார்வைகள் இவ்வளவு நெருக்கமாக மோதிய இடம் அந்தக் காலத்தில் வேறில்லை.

பிரிட்டனுக்குத் தூதராகப் போன ஜான் ஜே முடித்துக்கொண்டு வந்த உடன்படிக்கை இந்த மோதலை நாடெங்கும் கொண்டுபோனது. செனட் அதை 1795 ஜூனில் 20க்கு 10 என்று ஏற்றது. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு வாக்குகூட மிச்சமில்லை. ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன, ஜேயின் உருவபொம்மைகள் எரிந்தன. உடன்படிக்கைக்கு வேண்டிய பணத்தை ஒதுக்க மறுக்கலாம் என்று பிரதிநிதிகள் அவையில் மாடிசன் தரப்பு அணிதிரண்டது. கூட்டாட்சிக் கட்சியினர் மனுக்களைத் திரட்டி மறுமுனையில் அழுத்தினார்கள். 1796 ஏப்ரல் 30 அன்று 51க்கு 48 என்று பணம் ஒதுக்கப்பட்டது. மனுவும் கூட்டமும் பத்திரிகையும் அவைக்குள் நடக்கும் வாக்கெண்ணிக்கையும் ஒரே இயந்திரத்தின் பாகங்களாயின. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான பிரியாவிடை உரையில் கட்சி உணர்வின் கேடுகளைப் பற்றி வாஷிங்டன் எச்சரித்தார். அவ்வுரையை எழுத உதவியவர் ஒரு கட்சியின் தலைவரான ஹாமில்டன்.

அதற்குப் பின் வந்த தேர்தல், கட்சியில்லாத நாட்டுக்கென்று வகுத்த விதியின் கோணலைக் காட்டியது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் வேறுபாடில்லாத இரண்டு வாக்குகள். முதலிடம் பெறுபவர் குடியரசுத் தலைவர், இரண்டாமிடம் பெறுபவர் துணைத் தலைவர். ஜான் ஆடம்ஸ் 71 பெற, எதிர்க்கட்சியின் ஜெபர்சன் 68 பெற்று அவருக்கே துணைத் தலைவரானார்.

1798இல் பிரான்சோடு போர் மூளும் என்ற நிலையில், ஆளும் கூட்டாட்சிக் கட்சி 44க்கு 41 என்று அரசத்துரோகச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசையோ காங்கிரசையோ குடியரசுத் தலைவரையோ பொய்யாகவும் வஞ்சமாகவும் பழித்து எழுதினால் சிறை. இந்தப் பட்டியலில் துணைத் தலைவர் இல்லை, அவர்தான் ஜெபர்சனாயிற்றே. சட்டம் 1801 மார்ச் 3 அன்று, அதாவது ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் நேரத்தில், காலாவதியாகும்படியும் எழுதப்பட்டிருந்தது. முதலில் தண்டிக்கப்பட்டவர் வெர்மான்ட் மாநிலப் பிரதிநிதி மாத்யூ லயன். அயர்லாந்திலிருந்து ஒப்பந்த வேலையாளாக வந்து முன்னேறிய இவரை ஸ்மித் பார்த்திருந்தால் தம் வாதத்துக்குச் சாட்சியாகவே நிறுத்தியிருப்பார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவைக்குள் ஓர் எதிர்த்தரப்பு உறுப்பினரின் முகத்தில் உமிழ்ந்து, பதிலுக்கு அவர் தடியால் அடிக்க, இவர் கணப்படுப்பு இடுக்கியை எடுத்துக்கொண்டு பாய்ந்தவர். ஆடம்ஸ் ஆட்சியைத் தாக்கி எழுதியதற்காக 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டு, சிறையிலிருந்தபடியே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1800 தேர்தலில் கட்சிக் கட்டுப்பாடு முறுக்கேறி, அதுவே விபத்தாயிற்று. குடியரசுக் கட்சித் தேர்வாளர்கள் அத்தனை பேரும் தங்கள் இரு வாக்குகளையும் ஜெபர்சனுக்கும், துணைத் தலைவராக்க எண்ணியிருந்த ஆரோன் பர்ருக்கும் பிசகாமல் போட்டதால் இருவரும் 73 பெற்றார்கள். (இன்றைய குடியரசுக் கட்சிக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.) முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். ஜெபர்சனுக்கு 8தான் கிடைத்தது. 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை 35 முறை வாக்கெடுத்தும் அசையவில்லை. 36ஆம் முறையில் டெலவேரின் ஒரே பிரதிநிதியான கூட்டாட்சிக் கட்சியின் ஜேம்ஸ் பேயார்ட் வெற்று வாக்களிக்க, மேலும் சிலர் ஒதுங்கிக்கொள்ள, முட்டுக்கட்டை நீங்கியது. வெர்மான்டின் மற்றொரு பிரதிநிதி அவைக்கு வராததால், அந்த மாநிலத்தின் வாக்கை ஜெபர்சனுக்கு அளித்தவர் மாத்யூ லயன். ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து மறு கட்சிக்கு இரத்தம் சிந்தாமல் கைமாறியது. 1804இல் ஏற்கப்பட்ட 12ஆம் திருத்தம், இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்று மாற்றியது. கட்சி என்ற சொல் அதிலும் இல்லை. கட்சி இல்லாவிட்டால் அதற்குத் தேவையும் இல்லை.

இந்தப் பிரதிநிதித்துவத்துக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பல மாநிலங்களில் சொத்தோ வரியோ வாக்குக்கு நிபந்தனை. நியூஜெர்சியில் சொத்துள்ள மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் வாக்களித்துவந்தார்கள். 1807இல் அதுவும் பறிபோனது. அடிமைகளுக்கு வாக்கில்லை, ஆனால் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் அவர்கள் தென்மாநிலங்களின் இடங்களைக் கூட்டினார்கள். அந்தக் கூடுதல் தேர்வாளர்கள் இல்லையென்றால் 1800இல் வென்றிருப்பவர் ஆடம்ஸ் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிட்டிருக்கிறார்கள். மக்களின் வெற்றி என்று குடியரசுக் கட்சி கொண்டாடிய வெற்றியில் வாயில்லாதவர்களின் தலைகளும் எண்ணப்பட்டிருந்தன.

ஜெபர்சனும் மாடிசனும் தங்கள் கட்சியை நிரந்தர ஏற்பாடாகக் கருதவில்லை. வழிதவறிய அரசை நேராக்கியதும் கலைந்துவிட வேண்டிய அவசரப் படையாகவே எண்ணினார்கள். பிரிட்டனோடு நடந்த 1812 போருக்குப் பின் கூட்டாட்சிக் கட்சி தேய்ந்து மறைந்தது. 1820இல் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோவுக்கு எதிராக விழுந்த தேர்வாளர் வாக்கு ஒன்றே ஒன்று. ஆனால் நான்கே ஆண்டில், ஒரே கட்சிப் பெயர் தாங்கிய நால்வர் வட்டாரத்துக்கு ஒருவராகப் போட்டியிட்டு, அதிக வாக்குப் பெற்ற ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு ஜான் குவின்சி ஆடம்ஸைப் பிரதிநிதிகள் அவை தேர்ந்தெடுத்தது. கட்சி மறைந்த இடத்தில் பழைய கோஷ்டிகள் அப்படியே எழுந்து நின்றன.

இதைக் கண்ட நியூயார்க் அரசியல்வாதி மார்ட்டின் வான் பியூரன், 1827 ஜனவரியில் ரிச்மண்ட் பத்திரிகையாசிரியர் தாமஸ் ரிட்சிக்கு எழுதிய கடிதத்தில், பழைய கட்சியை மறுபடி கட்ட வேண்டும் என்று வாதிட்டார். தெற்கின் தோட்ட முதலாளிகளும் வடக்கின் எளிய குடியரசுவாதிகளும் ஒரே கட்சியில் இருந்தவரை வட்டாரப் பகைக்கு அந்தப் பற்றே மாற்று மருந்தாக இருந்தது. அது போனால் அடிமைமுறை பற்றிய சச்சரவு தலைதூக்கும் என்பது அவர் கணக்கு. ஜாக்சனின் பின்னே திரண்ட புதிய கட்சி இந்தக் கணக்கின்மேல்தான் எழுந்தது. அப்போது 75 வயதான மாடிசன், வெர்ஜீனியாவில் தம் பண்ணை வீட்டில், அடிமைகள் உழைத்த நிலத்தின் நடுவே, பிலடெல்பியா மாநாட்டில் தாம் எடுத்த குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1821ஆம் ஆண்டளவில் அவற்றில் ஒன்றுக்கு எழுதிய விளக்கத்தில், கட்சிகள் இல்லாத சுதந்திர நாடு எதுவும் இருந்ததில்லை, அவை சுதந்திரத்தின் இயற்கைப் பிள்ளைகள் என்று அவர் சேர்த்து வைத்திருந்தார்.